கடைசி பஸ் யாருடைய பொறுப்பு? படுவான்கரைச் சேவையும் அதற்குரிய சட்டமும் நிதியும்

படுவான்கரை ஆசிரியை
ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள ஒரு கிராமப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கிறேன். மாலை ஐந்தரை மணிக்கு மட்டக்களப்பு நகரிலிருந்து புறப்பட்டு எங்கள் ஊர்வரை வந்துகொண்டிருந்த பஸ் இரண்டு மாதங்களுக்கு மேலாக ஓடவில்லை. நகரத்தில் மாலை வகுப்புக்குப் போகும் மாணவர்களும், போதனா வைத்தியசாலையில் கிளினிக் முடித்து மருந்து எடுத்துக்கொண்டு திரும்பும் முதியவர்களும், புடவைக் கடைகளில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளும் அந்த ஒரு பஸ்ஸை நம்பியே காலையில் வீட்டை விட்டு இறங்கினார்கள். இப்போது அவர்கள் கல்முனைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, ஆரையம்பதியில் இறங்கி, நான்கைந்து பேராகச் சேர்ந்து முச்சக்கர வண்டி பிடித்து மண்முனைப் பாலத்தைக் கடக்கிறார்கள். சேருவதற்கு ஆள் கிடைக்காத நாளில் என் மாணவி ஒருத்தி வகுப்பை இடையில் விட்டுவிட்டு நான்கு மணிக்கே திரும்பிவிடுகிறாள். பௌதிகவியல் வகுப்பு நான்கரைக்குத்தான் தொடங்குகிறது.

இது தொடர்பாக மூன்று அலுவலகங்களுக்குப் போனேன். முதலாவது இடத்தில், பஸ்ஸும் சாரதியும் போதாது, வருமானம் குறைந்த ஓட்டத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில், மாகாணத்துக்குள் ஓடும் சேவை மாகாணத்தின் விடயம், அங்கே கேளுங்கள் என்றார்கள். மூன்றாவது இடத்தில், தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது எங்கள் வேலை, இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ்ஸை இந்த ஊருக்கு விடு என்று பணிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். மூவரும் பண்பாகவே பேசினார்கள். எவரும் பொய் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. மூவர் சொன்னதும் உண்மையென்றால், எங்கள் ஊர்ப் பஸ் எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் பணத்தில் ஓடவேண்டியது என்பதை அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள். மனு எழுதுவதற்கு முன் அது யாருக்குப் போகவேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


ஓய்வுபெற்ற நேரக்கணிப்பாளர்
ஞாயிறு, இரவு 10.25

ரீச்சர், முப்பது வருடத்துக்கு மேல் பஸ் நிலையத்தில் நேரம் குறித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சட்ட விளக்கத்தை அதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கை போக்குவரத்துச் சபை தொடங்கியது. நாடு முழுவதுக்கும் ஒரே சபை, ஒரே கணக்கு. பெரிய தெருவில் கூட்டமாக ஓடும் பஸ்ஸின் இலாபம், காட்டுப் பக்கத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு தடவை போய்வரும் பஸ்ஸின் நட்டத்தைத் தாங்கியது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சபையை ஒன்பது பிராந்தியச் சபைகளாகப் பிரித்தது. அடுத்த ஆண்டு தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இலாபம் வரும் தெருக்களில் அவை வந்து நின்றன, நட்டம் வரும் தெருக்கள் எங்களோடேயே இருந்தன. 1990இல் மக்கள்மயப்படுத்தல் என்று ஒவ்வொரு சாலையும் (பஸ் டிப்போவும்) தனித்தனிக் கம்பனியானது. பங்கில் பாதியை ஊழியர்களுக்கே கொடுத்தார்கள், நானும் அதில் ஒருவன். அப்போதிருந்து சாலை முகாமையாளர் தன் சாலைக்குள் வரும் வருமானத்தைக் கொண்டே டயரும் டீசலும் சம்பளமும் பார்க்கவேண்டிய நிலை வந்தது. பெரிய தெருவே இல்லாத சாலை எப்படிப் பிழைக்கும்? பிறகு அந்தக் கம்பனிகளைச் சேர்த்துப் பிராந்தியக் கம்பனிகள் ஆக்கினார்கள். 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அவை எல்லாவற்றையும் மீண்டும் ஒரே சபையாக்கியது. பெயர் பழைய பெயர்தான். ஆனால் நட்டத்தைத் தாங்கும் இலாபத் தெருக்கள் பாதிக்கு மேல் கைவிட்டுப் போன பிறகே ஒன்றாக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு ஓட்டத்தின் கணக்கையும் சொல்கிறேன். போய்வர 60 கிலோமீற்றர் என்று வையுங்கள். எங்கள் பஸ் ஒரு லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் ஓடினால் அது நல்ல பஸ். 15 லீற்றர் டீசல் வேண்டும். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது. அந்த விலையில் எரிபொருளுக்கு மட்டும் 6,900 ரூபாய். போகும்போது 15 பேர், வரும்போது 5 பேர் என்றால், டீசலுக்காக மட்டும் ஒவ்வொருவரும் 345 ரூபாய் தரவேண்டும். சாரதி, நடத்துனர் சம்பளம், டயர், உதிரிப்பாகம் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. அப்போது நாட்டில் ஆகக் குறைந்த கட்டணம் 40 ரூபாய். டீசல் பிறகு இறங்கியது, கட்டணமும் இறங்கியது. இருபது பேரிடம் வாங்கும் காசில் அந்த ஓட்டம் தன் செலவை மூடாது என்ற உண்மை மட்டும் அப்படியே இருக்கிறது. மாணவர்கள் சீசன் (சலுகை மாதச் சீட்டு) காட்டி ஏறுவதால் நடத்துனரின் பையில் விழும் காசு இன்னும் குறையும். மாலையில் கணக்குப் பார்க்கும் முகாமையாளருக்கு அந்த ஓட்டம் வெறும் நட்டமாகவே தெரியும்.


களுவாஞ்சிகுடிச் சட்டத்தரணி
திங்கள், காலை 6.40

ஆசிரியை சென்ற மூன்று அலுவலகங்களும் சொன்னது சட்டப்படி சரியே. கோளாறு சட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதில் இருக்கிறது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் சேர்ந்த ஒன்பதாம் அட்டவணையைப் பாருங்கள். மாகாண சபை நிரலின் 8ஆவது விடயம், மாகாணத்துக்குள் வீதிப் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்துவதையும், மோட்டார் வாகனங்களில் பொருள் ஏற்றிச் செல்வதை ஒழுங்குபடுத்துவதையும், மாகாணத்துக்குள் வீதிப் போக்குவரத்துச் சேவைகளை வழங்குவதையும் மாகாணத்திடம் கொடுக்கிறது. கடைசிப் பகுதியைப் பலர் வாசிப்பதில்லை. ஒழுங்குபடுத்துவதோடு நிற்காமல் சேவையை வழங்கும் அதிகாரமும் மாகாணத்துக்கு எழுத்தில் இருக்கிறது. இந்த விடயத்தின் கீழ்தான் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு ஓடும் பஸ்கள் 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் ஆணைக்குழுவுக்குரியது, அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் தனியார் பஸ் மாகாணத்துக்குரியது. இ.போ.ச.வோ 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அமைச்சுக்குப் பொறுப்புச் சொல்லும் நிறுவனம். மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்றுச் சாலைகளின் பஸ்களும் ஊழியர்களும் காணிகளும் அதற்கே சொந்தம். ஆக, மாகாணத்துக்குள் சேவை வழங்கும் அதிகாரம் மாகாணத்திடமும், சேவை வழங்கத் தேவையான பஸ்களில் பெரும்பங்கு மத்தியிடமும் இருக்கின்றன. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குப் புரியும்படி சொன்னால், வயல் ஒருவரிடம், வாய்க்கால் இன்னொருவரிடம்.

இதைச் சரிசெய்ய மாகாணம் ஒரு நியதிச்சட்டம், அதாவது மாகாண சபை இயற்றும் சட்டம், இயற்றலாம். வருமானம் குறைந்த தடங்களை அறிவித்து, அவற்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை ஓட்டம் வேண்டும் என்று நிர்ணயித்து, அதை ஓட்டுபவருக்கு, அவர் இ.போ.ச.வாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், மாகாண நிதியிலிருந்து கொடுப்பனவு செய்ய அதில் இடம் வைக்கலாம். அரசியலமைப்பின் 154எ உறுப்புரை நியதிச்சட்டம் இயற்றும் அதிகாரத்தை மாகாண சபைக்குக் கொடுக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர் நிர்வாகத்தைக் கொண்டு நடத்துகிறார், சம்பளம் கொடுக்கப்படுகிறது, வீதிகள் திருத்தப்படுகின்றன. சபையில் விவாதித்து வாக்கெடுத்து ஒரு புதிய நியதிச்சட்டம் கொண்டுவருவதற்கு மட்டும் சபை இல்லை. மாகாண சபைத் தேர்தலை அரசியல்வாதிகளின் பதவிப் பிரச்சினையாகவே நம்மவர்கள் பேசுகிறார்கள். ஐந்தரை மணி பஸ்ஸும் அந்தத் தேர்தலோடு தொடர்புபட்டது என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.


அக்கரைப்பற்று பஸ் உரிமையாளர்
திங்கள், பகல் 1.15

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். நான் இரண்டு பஸ் வைத்திருப்பவன். எங்கள் தரப்பைக் கேட்காமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

கல்முனை மட்டக்களப்புத் தெருவில் போட்டி எப்படி என்று அதில் பயணம் செய்யும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பஸ் புறப்பட்டுச் சில நிமிடத்தில் அடுத்தது பின்னால் நிற்கும். காரைதீவு, கல்முனை, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி என்று கரையோரம் முழுவதும் சனம் நெருக்கமாக இருப்பதால் அங்கே அனுமதிப்பத்திரத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறான். வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓட அனுமதி தருகிறோம் என்றால் எவரும் கை நீட்டமாட்டார்கள். எங்களைச் சிலர் பேராசைக்காரர் என்கிறார்கள். லீசிங் கட்டணம் மாதம் தவறாமல் கட்டவேண்டும், காப்புறுதி கட்டவேண்டும், சாரதியும் நடத்துனரும் அன்றைய கூலியை அன்றே எதிர்பார்ப்பார்கள். நட்டத்துக்கு ஓடி அதை நிரப்ப எங்களுக்குத் திறைசேரி இல்லை.

இ.போ.ச.வுக்கு வருமானம் குறைந்த தடங்களில் ஓடுவதற்காகவும் சீசன் சலுகைக்காகவும் ஒவ்வொரு வருடமும் திறைசேரி பணம் கொடுக்கிறது. 2023 ஜனவரியில் இந்தியக் கடன் உதவியில் புதிய பஸ்கள் வரத் தொடங்கின, மொத்தம் 500 என்ற திட்டம் அது. பணமும் பஸ்ஸும் வருகின்றன, அப்படியிருந்தும் ரீச்சரின் ஊருக்கு ஓட்டம் நிற்கிறது என்றால் அந்தப் பணம் எந்தத் தெருவில் செலவானது என்று கேட்க மக்களுக்கு உரிமை இருக்கிறது. அதே பணத்தைக் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரினால், மாலை ஐந்தரை ஓட்டத்தை நானே எடுக்கத் தயார். தேசிய போக்குவரத்து ஆணைக்குழு சிசு செரிய என்று பாடசாலை பஸ் திட்டம் நடத்துகிறது. பிள்ளையிடம் குறைந்த கட்டணம் வாங்குகிறோம், மீதியை ஆணைக்குழு தருகிறது. கிராமத் தடங்களுக்கென்று கெமி செரிய இருக்கிறது. முறை புதிதில்லை. அதை எங்கள் மாவட்டங்களில் போதுமான அளவுக்கு விரிக்கவில்லை என்பதே என் குறை.


ஒலுவில் மாணவன்
திங்கள், மாலை 4.50

உரிமையாளர் நானாவிடம் ஒரு கேள்வி. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்களில் பலர் சீசன் வைத்திருக்கிறோம். தனியார் பஸ்ஸில் அது செல்லாது. கேள்விப்பத்திரம் கோரித் தனியாரிடம் கொடுத்தால் அந்த ஓட்டத்தில் சீசன் ஏற்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவீர்களா? மாதச் சீட்டுக்கு ஒரு தடவை, தினமும் பயணத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு செலவை எங்கள் வீடுகள் தாங்காது.


முன்னாள் கணக்காளர், மட்டக்களப்பு
திங்கள், இரவு 8.30

நிதி வரும் வழியைப் பிரித்துச் சொல்கிறேன். நான் மாகாண சேவையில் கணக்குப் பார்த்தவன்.

முதல் வழி, பாராளுமன்றம் ஆண்டுதோறும் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டம். போக்குவரத்து அமைச்சின் செலவினத் தலைப்பின் கீழ் இ.போ.ச.வுக்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும் பணம் வருகிறது. உரிமையாளர் சொன்ன வருமானம் குறைந்த தடக் கொடுப்பனவும் சீசன் கொடுப்பனவும் இந்த வழியாகவே இ.போ.ச.வின் மொத்தக் கணக்குக்குப் போகின்றன. பணம் சபைக்குக் கொடுக்கப்படுகிறதே தவிர தடத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒதுக்கீட்டுச் சட்டத்தை எடுத்து எத்தனை தடவை வாசித்தாலும் கொக்கட்டிச்சோலை, வாகரை, திருக்கோவில் என்ற பெயர்கள் அதில் இருக்காது. கொழும்பிலிருந்து சாலைக்கு வரும்போது அந்தப் பணம் சம்பளமாகவும் டயராகவும் வந்து சேருகிறது. எந்த ஓட்டத்துக்காகத் தரப்பட்டது என்ற அடையாளம் வழியிலேயே அழிந்துவிடுகிறது. நேரக்கணிப்பாளர் ஐயா சொன்ன முகாமையாளர் மாலையில் பார்க்கும் கணக்கில் அந்த ஓட்டம் வெறும் நட்டமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. அந்த நட்டத்தை ஈடுசெய்யும் பணம் எங்கோ வந்திருக்கலாம், ஆனால் அந்த ஓட்டத்தின் பெயரில் வரவில்லை.

இரண்டாம் வழி, மாகாணத்துக்கு வரும் நிதி. அரசியலமைப்பின் 154R உறுப்புரையின் (ஆங்கிலப் பிரதியின்படி) கீழ் நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்ய, மத்திய அரசு கொடைகளாகக் கொடுக்கிறது. தொகுதிக் கொடை மீண்டெழும் செலவுக்கு, அதாவது வருடாவருடம் திரும்ப வரும் செலவுக்கு. அதில் பெரும்பகுதி ஆசிரியர்கள், வைத்தியசாலை ஊழியர்கள் உள்ளிட்டோரின் சம்பளத்துக்கே போய்விடும். பிரமாண அடிப்படையிலான கொடையும் மாகாணத்துக்குரிய அபிவிருத்திக் கொடையும் பெரும்பாலும் மூலதனச் செலவுக்கு. வீதி, கட்டடம், மதகு இவற்றுக்கு அந்தப் பணத்தைச் செலவிடலாம். பஸ் ஓட்டுவது நாளாந்தச் செலவு. டீசல் எரிந்தால் முடிந்தது, திறப்பு விழாவுக்கு அதில் எதுவும் மிஞ்சாது. மண்முனைப் பாலத்தை எண்ணிப் பாருங்கள். 2014இல் ஜப்பானின் நன்கொடையில் அது திறக்கப்பட்டபோது படுவான்கரை மக்கள் பாதைக்கு (வாவியைக் கடக்கும் மிதவைக்கு) காத்துக்கிடந்த காலம் முடிந்தது என்று நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். நானும் அன்று அந்தப் பாலத்தில் நடந்தவன். பாலத்துக்குப் பணம் கிடைத்தது, அதன்மேல் மாலை ஐந்தரைக்கு ஓடவேண்டிய பஸ்ஸுக்கான பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எவரும் முடிவுசெய்யவில்லை.

மேலும் ஒரு புதிய சட்டத்தைக் கவனிக்கவேண்டும். 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்தை மீறக்கூடாது என்கிறது. 2022இல் நாடு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இந்தக் கட்டுப்பாட்டின் நோக்கத்தைக் குறைசொல்லமாட்டார்கள். அதன் விளைவையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தலைப்புக்குக் கூட்டினால் இன்னொன்றில் குறைக்கவேண்டும். இனிமேல் மானியம் கேட்பவர் தன் தடத்தின் தேவையைக் கணக்கோடு நிரூபிக்கவேண்டும், பொதுவான வேண்டுகோளுக்கு இடம் குறுகிவிட்டது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கொழும்புக்கென 100 நவீன பஸ்கள் முன்மொழியப்பட்டன. கொழும்பின் நெரிசலைக் குறைப்பது நல்லதே, அதை நான் எதிர்க்கவில்லை. அந்தத் தேவையை எண்ணிக்கையோடு எழுதிவைக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களின் தேவையை அப்படி எழுதிவைத்தவர் எவர்?


கிரான் வாசகர்
திங்கள், இரவு 9.45

எங்கள் பக்கம் மாரியில் கிரான் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் பஸ் பேச்சுக்கே இடமில்லை, படகும் உழவு இயந்திரமுந்தான். ஆகவே வருடம் முழுவதும் ஒரே எண்ணிக்கை ஓட்டம் என்று ஒப்பந்தம் எழுதினால் எங்கள் தடத்தை எவரும் எடுக்கமாட்டார்கள். மாரி மாதங்களுக்கு வேறு விதி எழுதவேண்டும் என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன்.


ஓய்வுபெற்ற நேரக்கணிப்பாளர்
செவ்வாய், காலை 7.05

அக்கரைப்பற்றுத் தம்பி சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். பணம் எந்தத் தெருவில் செலவானது என்ற கேள்வி நியாயமானது. நானே உள்ளே இருந்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

மற்றப் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. போர்க்காலத்தில் பல தெருக்களில் கடைசிவரை ஓடியது இ.போ.ச.வின் சிவப்புப் பஸ். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் தனியார் பஸ்கள் நல்ல தெருவுக்கு இழுபட்டுப்போகும்போது கிராமத்துக்கு மிஞ்சி நின்றதும் அதுவே. கேள்விப்பத்திரத்தில் ஓட்டத்தை எடுத்தவர் டீசல் விலை ஏறிய மாதத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்தால் ரீச்சரின் மாணவி அன்று மாலை என்ன செய்வாள்? தம்பி அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுதுபவர் அந்த மாதத்தை எண்ணியே எழுதவேண்டும் என்கிறேன். என் கருத்தில், ஓட்டம் இ.போ.ச.விடமே இருக்கட்டும். கொடுப்பனவு மட்டும் அந்த ஓட்டத்தின் பெயரில் சாலைக்கு நேரே வரட்டும். ஓடாத நாளுக்குப் பணம் இல்லை என்று இருந்தால், அந்த ஓட்டத்தை நிறுத்த முகாமையாளருக்கே மனம் வராது. இப்போது ஓடினால் நட்டம், நிறுத்தினால் மிச்சம். நான் நேரம் குறித்த காலத்தில், பஸ் குறைந்த காலைகளில் முதலில் வெட்டப்பட்டவை எப்போதும் தூரக் கிராமத்து ஓட்டங்களே. அந்த முகாமையாளர்கள் கெட்ட மனிதர்கள் அல்லர், அவர்களின் கணக்கு அப்படி இருந்தது.


அக்கரைப்பற்று பஸ் உரிமையாளர்
செவ்வாய், பகல் 12.30

ஐயா, ஓடாத நாளுக்குப் பணம் இல்லை என்ற விதிக்கு நானும் கட்டுப்படுவேன். டீசல் விலை மாறும்போது கொடுப்பனவும் மாறும் என்று எழுதினால் எவரும் சாவியைத் திருப்பித் தரமாட்டார்கள். பஸ் கட்டணத்தைச் செலவுச் சுட்டி பார்த்து வருடம் ஒருமுறை திருத்தும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதே சுட்டியை இதற்கும் வைக்கலாம். ஒலுவில் தம்பிக்கு: சீசனுக்குரிய மீதியை அரசு தருமென்றால் ஏற்றுவதில் எனக்குத் தடையில்லை, அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இ.போ.ச.வா தனியாரா என்ற வழக்கை நாம் இங்கே தீர்க்கமுடியாது. முதலில் ஓட்டம் திரும்பி வரட்டும்.


களுவாஞ்சிகுடிச் சட்டத்தரணி
செவ்வாய், இரவு 9.20

கணக்காளர் ஐயாவின் பதிவு என் பதிவில் விடுபட்டதை நிரப்பிவிட்டது. இனிச் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

நியதிச்சட்டத்துக்குச் சபை வேண்டும், அதற்குத் தேர்தல் வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இ.போ.ச.வுக்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும் மாகாண அதிகார சபைக்கும் பொருந்தும். விண்ணப்பம் கிடைத்தால் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். கேள்வியைச் சரியாகக் கேட்பதிலேயே வெற்றி இருக்கிறது. ஏன் பஸ் ஓடவில்லை என்று கேட்டால் பஸ் பற்றாக்குறை என்று ஒரு வரியில் பதில் வரும். குறித்த தடத்துக்கு நேர அட்டவணையில் எத்தனை ஓட்டம் பதிவாகியிருக்கிறது, கடந்த பன்னிரண்டு மாதங்களில் மாதவாரியாக எத்தனை ஓடின, ஒவ்வொன்றின் வருமானமும் கிலோமீற்றரும் என்ன, சாலைக்கு வருமானம் குறைந்த தடங்களுக்கெனக் கிடைத்த தொகை எவ்வளவு, அது எந்தத் தடங்களுக்குப் பகிரப்பட்டது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு, அத்தகைய பதிவு பேணப்படுவதில்லை என்ற பதில் வந்தாலும் அது எங்களுக்குப் பெறுமதியான ஆவணம். கணக்காளர் ஐயா சொன்னதை நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும், அதைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் போகலாம். போக்குவரத்து அமைச்சின் தலைப்பு மீதான குழுநிலை விவாதத்தில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்குத் தனியாக ஒரு கடிதம் போகவேண்டும். சிசு செரிய காலையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் ஓடும் திட்டம், எனவே மாலை வகுப்புக்கு அது பொருந்தாது என்று திருப்பிவிட இடமுண்டு. ஆகவே கெமி செரியவின் கீழ் இந்த ஓட்டத்தைக் கேட்பதே பொருத்தம். கிரான் வாசகர் சொன்ன மாரி விதியையும் அந்தக் கடிதத்தில் சேர்ப்போம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி பிரதேச செயலாளரைக் கேட்கலாம். அந்த மேசையில் இ.போ.ச.வும் மாகாண அதிகார சபையும் ஒன்றாக அமரும். ஆசிரியைக்கு மூன்று அலுவலகங்களிலும் கிடைத்த மூன்று பதில்களை அங்கே ஒருவர் முன்னிலையில் மற்றவர் சொல்லவேண்டியிருக்கும்.


படுவான்கரை ஆசிரியை
புதன், இரவு 8.15

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேரக்கணிப்பாளர் ஐயாவின் கணக்கை என் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 345 ரூபாய் என்ற விடை வந்ததும் மாணவர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஒருவன் எழுந்து, வைத்தியசாலைக்குப் போகும் என் அம்மம்மாவை இருபது பேரில் ஒருவராக எண்ணுகிறார்களா, ரீச்சர், என்று கேட்டான். எண்ணுவதற்கு இதுவரை எவரும் வரவில்லை என்று சொன்னேன்.

அதனால் நாங்களே எண்ணத் தொடங்கிவிட்டோம். மண்முனைப் பாலத்தின் மேற்குக் கரையில் மாலை ஐந்து மணியிலிருந்து ஏழரைவரை, பெற்றோர் ஒருவர் துணையோடு இரண்டு மாணவர்கள் நிற்கிறார்கள். முச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் நடந்தும் வருபவர்களிடம் எங்கே போய் வருகிறீர்கள், எதற்காகப் போனீர்கள், வாகனத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்கிறார்கள். பெயர் கேட்பதில்லை. இரண்டு நாட்கள் முடிந்துள்ளன, நான்கு வாரம் தொடர்ந்து செய்யப்போகிறோம். நேரக்கணிப்பாளர் ஐயா, பயணிகள் எண்ணிக்கை குறிக்கும் தாளை உங்கள் காலத்தில் எப்படி வரைவீர்கள் என்று ஒரு மாதிரி அனுப்பினால், சாலை முகாமையாளர் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் வடிவில் எங்கள் தாளையும் வரைந்துகொள்வோம்.

தகவல் அறியும் விண்ணப்பங்கள் மூன்றையும் நாளை கையளிக்கிறேன். சட்டத்தரணி அவர்கள் எழுதிய கேள்விகளை வரிக்கு வரி அப்படியே பயன்படுத்தியிருக்கிறேன். அக்கரைப்பற்றுச் சகோதரரிடம் ஒரு வேண்டுகோள்: மாலை ஐந்தரை ஓட்டத்தை நீங்கள் எடுப்பதானால் கிலோமீற்றருக்கு என்ன தொகை கேட்பீர்கள் என்பதை எழுதித் தாருங்கள். அந்தத் தொகையையும் எங்கள் எண்ணிக்கைத் தாளையும் ஒரே கடிதத்தோடு இணைத்து ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறேன்.


ஓய்வுபெற்ற நேரக்கணிப்பாளர்
புதன், இரவு 9.00

ரீச்சர், தாளின் மாதிரியை நாளை காலை அனுப்புகிறேன். இடதுபக்கம் நேரம், அடுத்து ஏறுமிடம், இறங்குமிடம், பெரியவர், மாணவர், சீசன் என்று ஆறு நிரல் போதும். வெள்ளிக்கிழமையும் சம்பள நாளும் எண்ணிக்கை கூடும், அவற்றைத் தனியாகக் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் சராசரி தவறும் என்று மறுதரப்பு சொல்லும். பாலத்தடியில் மாலையில் காற்று அதிகம், பிள்ளைகளிடம் தாளை அட்டையில் கிளிப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை நானும் வந்து நிற்கிறேன்.